நம்ம ஊருக்கு மாத்திரை தந்த சுப்பாராவ்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்து நண்பர் கேட்டபோது, ராஜகிரி ஏறிய கதையை எழுதலாமா என்று முதலில் நினைத்தேன். அதை இந்த மலரில் குறைந்தது நாலு பேராவது எழுதியிருப்பார்கள். நான் இப்போது மாத்திரை செய்யும் ஆலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு இன்ஜினியர். அதனால் ஒரு மாத்திரையின் கதையையும், அதற்குப் பின்னால் இருந்த மனிதரின் கதையையும் எழுதுகிறேன். கதை தொடங்குவது எங்க ஆயா வீட்டுத் திண்ணையில்.

எங்க ஆயாவுக்கு இடது கால் யானைக்கால். புடவையைத் தரை வரைக்கும் இழுத்து விட்டுத்தான் நடப்பாள். கல்யாணத்துக்குப் போனால் ஓரமாக, காலை மடக்கி மறைத்து உட்காருவாள். மழைக் காலத்தில் காய்ச்சல் வந்து, கால் சிவந்து, மூணு நாள் படுத்துவிடுவாள். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அக்கா வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்தார். பெரியவங்களுக்கு மூணு, என் வயசுப் பிள்ளைகளுக்கு ரெண்டு. ஆயா மூணையும் வாயில் போட்டு ஒரு சொம்புத் தண்ணி குடித்தாள். நான் வாங்கிய ரெண்டையும் கொல்லைப்பக்கம் மல்லாட்டைச் செடிக்குள் வீசி எறிந்தேன். தின்றால் மயக்கம் வரும் என்று தெருவில் பேச்சு. அதுதான் காரணம்.

பல வருஷம் கழித்து, வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு டேப்லெட் மெஷினைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த டிரம்மின் லேபிளைப் படித்தேன். டைஎத்தில்கார்பமசின். இது என்ன மருந்து சார் என்று ஆய்வுக்கூடத்துப் பெரியவரிடம் கேட்டேன். யானைக்கால் மாத்திரைப்பா, கண்டுபிடித்த கூட்டத்துக்குத் தலைவர் நம்ம மெட்ராஸில் படித்தவர்தான், தெரியாதா என்றார். தெரியாது. தேசிங்குராஜன் கதை செஞ்சியில் பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். நீலவேணிக் குதிரையின் பெயர்கூடத் தெரியும். எல்லாப்ரகட சுப்பாராவ் என்ற பெயர் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பின் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

மூன்றாவது தடவை

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமாவரத்தில் பிறந்தார். அன்றைக்கு அது சென்னை மாகாணம், இன்றைக்கு ஆந்திரா. ஏழு பிள்ளைகள் உள்ள வீடு, கையில் காசு இல்லை. பதின்மூன்று வயசில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று வீட்டை விட்டே கிளம்பிவிட்டார்! பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து பள்ளியில் சேர்த்தார்கள்.

படிப்பிலும் அப்படி ஒன்றும் சூரப்புலி இல்லை. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றார். அப்பா இறந்துபோனார். அம்மா வெங்கம்மா நகையை விற்றுப் படிக்க வைத்தார். கடைசியில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது தடவை தேறினார். நம் கல்லூரியில் இன்றைக்கு அரியர் வைத்திருக்கும் தம்பிகள் இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் மூன்றாவது தடவையும் உட்கார்ந்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிறகு மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட். அப்போது ராமகிருஷ்ண மடத்துத் தொடர்பு ஏற்பட்டு, துறவியாகப் போய்விடலாம் என்று நினைத்தார். அம்மா சம்மதிக்கவில்லை. மடத்துப் பெரியவர்களும், சேவைதான் செய்ய வேண்டும் என்றால் மருத்துவம் படிக்கச் சொன்னார்கள். 1915-இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். 1919-இல் சேஷகிரி அம்மையாரோடு கல்யாணம் நடந்தது. படிப்புச் செலவுக்கு மாமனார் கை கொடுத்தார்.

கதர் அங்கி

காந்தியடிகள் அந்நியத் துணியைத் தள்ளச் சொன்ன காலம். சுப்பாராவ் ஆபரேஷன் அறைக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு என்ற வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாக எழுதியும், அவருக்குக் கிடைத்தது முழு எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லை. ஒரு படி குறைவான எல்.எம்.எஸ். சான்றிதழ். அதனால் அரசாங்க மருத்துவத் துறையின் கதவு மூடிக்கொண்டது.

அதே காலகட்டத்தில் வீட்டில் இன்னொரு இடி. அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். நோயின் பெயர் ஸ்ப்ரூ. குடல் சாப்பாட்டின் சத்தை இழுக்க மறுத்துவிடும். எதைத் தின்றாலும் பேதியாகப் போகும். உடம்பு வற்றும், ரத்தம் சுண்டும். மெடிக்கல் காலேஜில் படித்த தம்பியால் கூட நின்று பார்க்கத்தான் முடிந்தது. அன்றைக்கு அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. அவருக்கும் அதே நோய் வந்தது. ஆச்சண்ட லட்சுமிபதி என்ற ஆயுர்வேத மருத்துவரின் சிகிச்சையில் பிழைத்தார். பிறகு அவர் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு சொல்லிக் கொடுக்கும் ஆசிரியராகவும் இருந்தார்.

ஏன் பிழைத்தோம், அண்ணன் தம்பிகள் ஏன் பிழைக்கவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டுமானால் இன்னும் படிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1920-களின் தொடக்கத்தில், மாமனார் உதவியோடு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குக் கப்பல் ஏறினார். படித்து முடித்துத் திரும்பி வந்துவிடுவதாகத்தான் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பாஸ்டனில் இரவு வேலை

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். உதவித்தொகை இல்லை. ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலைக்குப் போய், நோயாளிகளின் கழிவுப் பாத்திரங்களைக் கழுவி வயிற்றைக் கழுவினார். ஊரில் டாக்டர் என்று பெயர், அங்கே துப்புரவு வேலை. பட்டயம் வாங்கிய பிறகு, ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது.

1925-இல் இருவரும் சேர்ந்து ஒரு முறையை வெளியிட்டார்கள். ரத்தத்திலோ சிறுநீரிலோ பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை. மாலிப்டேட் சேர்த்து வினை நடத்தினால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று பெயர். உயிர்வேதியியல் படித்தவர்களைக் கேளுங்கள், பிராக்டிகல் நோட்டில் எழுதியிருப்பார்கள்.

அந்த நீல நிறத்தைப் பிடித்துக்கொண்டு போனதில் பெரிய விஷயம் ஒன்று சிக்கியது. தசையை அளக்கும்போது நீலம் ஒரேயடியாக வராமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது. வேறு யாராவது இருந்தால், கருவி சரியில்லை என்று விட்டிருப்பார்கள். இவர்கள் விடவில்லை. தசைக்குள் எளிதில் உடையும் ஒரு பாஸ்பரஸ் சேர்மம் இருப்பதைக் கண்டார்கள். அதுதான் பாஸ்போகிரியேட்டின். 1927-இல் வெளியிட்டார்கள். தசை வேலை செய்தால் அது குறையும், ஓய்வெடுத்தால் திரும்பச் சேரும். 1929-இல் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே சமயத்தில் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

நம்ம கணக்கில் சொன்னால், ஏ.டி.பி. என்பது சட்டைப் பையில் இருக்கும் சில்லறை. பாஸ்போகிரியேட்டின் இடுப்புச் சுருக்குப் பையில் இருக்கும் நோட்டு. சில்லறை தீர்ந்ததும் உடனே மாற்றிக் கொடுக்கும். ராஜகிரிப் படியில் நாம் ஓடிய முதல் சில நொடிகள் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

1930-இல் பி.எச்.டி. பட்டம். அதற்குப் பிறகும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அதே துறையில் அப்போது படித்து, பின்னாளில் 1988-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பல வருஷம் கழித்து வேறு ஆட்கள் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும், ஃபிஸ்க் அவற்றை வெளியே விடாததே காரணம் என்றும் சொல்லியிருக்கிறார். ஆய்வுக்கூட அரசியல் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

கல்லீரலிலிருந்து குடுவைக்கு

1940-இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவு முழுவதற்கும் இயக்குநர் ஆனார். வயசு நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. உயிர் வாழ மீதி இருந்தது எட்டே வருஷம். அந்த எட்டு வருஷத்தில் நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

முதலில் ஃபோலிக் அமிலம். இதன் கதை பம்பாயில் தொடங்குகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், அங்கே மில் வேலைக்குப் போன ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாகிறது என்று 1931-இல் எழுதினார். ஈஸ்ட்டில் இருக்கும் அந்த ஏதோ ஒன்று எது? கல்லீரலிலும் இருக்கிறது, கீரையிலும் இருக்கிறது. ஆனால் மூட்டை மூட்டையாக எடுத்து வடித்தாலும் கிடைப்பது துளிதான். 1941-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் டன் கணக்கில் பசலை வகைக் கீரையை அரைத்துத்தான் அதைச் செறிவாக்கி, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள்.

ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டுமானால் கீரையை நம்பிப் பயனில்லை. குடுவையில் செய்ய வேண்டும். அதற்கு முதலில் அதன் அமைப்பு தெரிய வேண்டும். சுப்பாராவின் கூட்டம் அதை உடைத்துப் பார்த்தது. மூன்று பெட்டி கோத்த ரயில் மாதிரி இருந்தது: டெரிடின் என்ற இரட்டை வளையம், நடுவில் பாரா-அமினோபென்சாயிக் அமிலம், கடைசியில் குளுட்டாமிக் அமிலம். மூன்றும் தெரிந்த பிறகு கோப்பதற்கு வழி தேடினார்கள். 1945-இல் செயற்கையாகச் செய்து விட்டதை அறிவித்தார்கள்.

இன்றைக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையில் இரும்போடு இருப்பது அந்த ஃபோலிக் அமிலம்தான். பிள்ளையின் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறக்கும் குறையை அது பெருமளவு தடுக்கிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்த மருந்தை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சுண்டிய ரத்தம் ஊறியது, நாக்குப் புண் ஆறியது, எழுந்து உட்கார்ந்தார்கள். சகோதரர்கள் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஒரு பல் மட்டும் வேறு

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த நோய் வந்தால் சில வாரம், மிஞ்சினால் சில மாதம். ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் வேகமாக வளர்வதுபோல் தெரிந்தது. அப்படியென்றால், அதற்கு எதிரியைக் கொடுத்தால்?

லெடர்லியில் அந்த எதிரி தயாராகிக்கொண்டிருந்தது. ஃபோலிக் அமிலத்தின் இரட்டை வளையத்தில் ஒரு இடத்தில் ஆக்சிஜனை எடுத்துவிட்டு அமினோ தொகுதியை வைத்தார்கள். அதைத் தன் கையால் செய்தவர்களில் டோரிஸ் சீகர் என்ற பெண் வேதியியலாளர் முக்கியமானவர். பெயர் அமினோப்டெரின். பூட்டுக்குச் சாவி செய்வது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பல்லும் அசல், ஒரு பல் மட்டும் வேறு. பூட்டுக்குள் நுழையும், திரும்பாது, லேசில் வெளியே வரவும் வராது. அசல் சாவிக்கும் இடம் இல்லை. வேகமாகப் பெருகும் புற்றுச் செல், பெருக வழியில்லாமல் நின்றுபோகும்.

1947 கடைசியில் ஃபார்பர் அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூனில் வெளியான அவருடைய அறிக்கையில், மிகவும் மோசமாக இருந்த பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. நிரந்தரக் குணம் இல்லை, நோய் திரும்ப வந்தது. ஆனாலும் மருந்தால் இந்த நோயைப் பின்வாங்க வைக்க முடியும் என்று உலகம் முதல் தடவையாகப் பார்த்தது. அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும், வாரம் ஒரு தடவை சின்ன அளவில் முடக்குவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

அதே 1948-இல் ஆரியோமைசினும் வெளிவந்தது. அதைப் பற்றி ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். செல்போனில் சுற்றி வரும் செய்திகளில் சுப்பாராவ் ஒருவரே எல்லாவற்றையும் கண்டுபிடித்ததாக எழுதுகிறார்கள். அப்படி இல்லை. மண்ணில் இருந்த பொன்னிற நுண்ணுயிரிலிருந்து அந்த மருந்தைக் கண்டவர் பெஞ்சமின் டக்கர். பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர். எழுபது வயசைத் தாண்டிய தாவரவியல்காரரை வைத்துக்கொண்டு, உலகம் முழுவதிலிருந்தும் மண் வரவழைத்துப் பார்க்க விட்ட இயக்குநர்தான் சுப்பாராவ். கூடவே, பல கண்டுபிடிப்புக் கட்டுரைகளில் தன் பெயரைக் கடைசியில் போட்டுக்கொண்டவர் அவர். நாம் அவருக்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. உண்மையே போதுமான அளவு பெரிது.

ஆரியோமைசின்தான் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. பின்னாளில் ஸ்ப்ரூவுக்கு நிலைத்த சிகிச்சை என்று ஆனது என்ன தெரியுமா? ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும். இரண்டுக்கும் வேர் ஒரே ஆய்வுக்கூடத்தில்.

நம் காலுக்கு வந்த மருந்து

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு யானைக்கால் புழு தொற்றியது. அதுவரை ஏழை நாட்டு நோயாக இருந்ததற்கு அப்போதுதான் அவசரம் வந்தது. லெடர்லியில் பருத்தி எலி என்ற எலி வகைக்கு அதற்கு உறவான புழுவை ஏற்றி, ஒவ்வொரு சேர்மமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பைப்பரசின் என்ற வளையத்தை அடிப்படையாக வைத்துச் செய்த ஒன்று ரத்தத்திலிருந்த குஞ்சுப் புழுக்களைத் துடைத்து எடுத்தது. 1947-இல் வெளியிட்டார்கள். ஹெட்ரசான் என்று வணிகப் பெயர். அதுதான் டி.இ.சி., நான் லேபிளில் படித்த டைஎத்தில்கார்பமசின்.

இந்த நோய் சாக்கடைத் தண்ணியில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவால் பரவுகிறது. பெரிய புழு நிணநீர்க் குழாய்க்குள் வருஷக் கணக்கில் குடியிருக்கும். குஞ்சுகள் ராத்திரியில் ரத்தத்தில் சுற்றும். கொசு கடித்தால் அதன் வயிற்றுக்குள் போய், வளர்ந்து, அடுத்த ஆளுக்கு ஏறும். மாத்திரை குஞ்சுகளைக் கொன்றுவிடும். ஊரில் பெரும்பாலோர் வருஷத்துக்கு ஒரு தடவை, சில வருஷம் விடாமல் விழுங்கினால் கொசுவுக்கு எடுத்துப் போக ஒன்றும் இருக்காது. சங்கிலி அறுந்துபோகும். இந்த யோசனையில்தான் 1990-களின் பிற்பகுதியில் சில மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, 2004 முதல் நாட்டில் இந்த நோய் உள்ள மாவட்டங்களுக்கெல்லாம் விரிவாக்கினார்கள். நம்ம விழுப்புரம் மாவட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தது. தெருவில் பேசிய மயக்கமும் காய்ச்சலும் பெரும்பாலும் புழுக்கள் சாகும்போது உடம்பு காட்டும் எதிர்வினை. யாருக்கு உள்ளே புழு இருந்ததோ அவருக்குத்தான் அது அதிகம் வரும்.

ஏற்கெனவே வீங்கிய காலை மாத்திரை பழையபடி ஆக்காது. எங்க ஆயாவுக்கு அது தெரியுமா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். ஒருவேளை தெரிந்தே விழுங்கியிருக்கலாம். தன் காலுக்காக இல்லை, கொல்லையில் விளையாடிக்கொண்டிருந்த எங்களுக்காக.

திரும்பி வராதவர்

1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து சுப்பாராவ் இறந்தார். வயசு 53. ஃபார்பரின் அறிக்கை வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தியாவுக்கு அவர் திரும்பி வரவே இல்லை. அவர் கப்பல் ஏறிய பிறகு பிறந்த ஆண் பிள்ளை ஒரு வயசு ஆகும் முன்பே இறந்தது. தகப்பன் முகம் பிள்ளைக்குத் தெரியாது, பிள்ளை முகம் தகப்பனுக்குத் தெரியாது. சேஷகிரி அம்மையார் காத்திருந்தபடியே வாழ்ந்தார். இத்தனை பேருக்கு உயிர் கொடுத்தவரின் கணக்கில் இந்தப் பக்கமும் இருக்கிறது. விழா மலர் என்பதற்காக அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

பின்னாளில் ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரை வைத்து சுப்பாரோமைசிஸ் என்றார்கள். நூற்றாண்டான 1995-இல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. அவ்வளவுதான்.

2025-இல் நம்ம கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். கோட்டையைக் காத்தவர்கள் பெயரைச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஆள் உண்டு. நம் காலைக் காத்தவர் பெயரையும் கெமிஸ்ட்ரி லேப் சுவரில் ஒரு படமாக மாட்டலாம் என்பது சங்கத்துக்கு என் வேண்டுகோள். படத்துக்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். கீழே மெட்ரிகுலேஷன் மூன்றாவது தடவை என்று ஒரு வரி மட்டும் எழுத அனுமதி வேண்டும்.

எங்க தெருவில் என் வயசுக்குக் கீழே யானைக்கால் உள்ள ஒரு ஆளைக்கூட இன்று நான் பார்ப்பதில்லை. வட மாநிலங்கள் சிலவற்றில் இன்னும் வீடு வீடாக மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் ஆலையில் அந்த மெஷின் ஓடும் நாளில் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவேன். வெள்ளை வெள்ளையாக விழும். மல்லாட்டைச் செடிக்குள் நான் எறிந்த ரெண்டும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் தெருவில் மற்றவர்கள் விழுங்கினார்கள்.